வழக்குப் போட 450 டாலர்... கோர்ட் கட்டடத்துக்காக வாங்கிய காசு எங்கே போச்சு? கலிஃபோர்னியா கதை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் ஒருவர் 40,000 டாலர் கடன் கொடுத்து ஏமாந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைத் திரும்ப வாங்க சிவில் வழக்குப் போடணும். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி கோர்ட்டில் மனுவைக் கொடுத்தால் கட்டணம் 435 டாலர். அதே மனுவைப் பக்கத்திலேயே இருக்கும் சான் பெர்னார்டினோ கவுன்டியில் கொடுத்தால் 450 டாலர். ஒரே மாகாணம், ஒரே சட்டம், ஒரே வகை வழக்கு. கட்டணம் மட்டும் ஏன் 15 டாலர் அதிகம்?

கட்டணப் பட்டியலின் அடிக்குறிப்பிலேயே பதில் இருக்கிறது. உள்ளூர் நீதிமன்றக் கட்டடத்துக்கான கூடுதல் கட்டணம் அது. சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று கவுன்டிகளில் மட்டும் இது உண்டு. அந்த ஊர் கோர்ட்டைக் கட்டவும் பலப்படுத்தவும் ஆகும் செலவில் ஒரு பங்கை, அங்கே வழக்குப் போட வருபவர்களே கொடுக்கிறார்கள்.

அப்போ மற்ற ஊர்க்காரர்கள் கட்டடத்துக்குக் காசு கொடுப்பதில்லையா என்றால், அவர்களும் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான அந்த 435 டாலருக்குள்ளேயே கட்டடத்துக்கு ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. கவுன்டி சட்ட நூலகம், சமரசத் தீர்வுத் திட்டம், நீதிபதிகளின் ஓய்வூதிய நிதி வரை அந்தத் தொகை பிரிந்து போகிறது.

ஒரு ரசீது, பல பாக்கெட்டுகள்

தாக்கல் கட்டணம் எப்படிப் பங்கு போடப்படுகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க டெக்சாஸ் மாகாணம் நல்ல உதாரணம். அங்கே 2022 ஜனவரி 1 முதல் புதிய சிவில் வழக்குகளுக்கு ஒரே சீரான கட்டணம் வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மாகாண அரசுக்கு 137 டாலர், உள்ளூர் கவுன்டிக்கு 213 டாலர், ஆக மொத்தம் 350 டாலர்.

அந்த 213 டாலரைச் சட்டமே கூறு போட்டு வைத்திருக்கிறது. கோர்ட் எழுத்தர் அலுவலகத்துக்கு 50, சட்ட நூலகத்துக்கு 35, ஆவணப் பராமரிப்புக்கு 30, வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் சுருக்கெழுத்தர் சேவைக்கு 25, கட்டட நிதிக்கு 20, கோர்ட் பாதுகாப்புக்கு 20, சமரச மையத்துக்கு 15, ஜூரிகளுக்கு 10, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 5, மொழிபெயர்ப்பு உதவிக்கு 3. கூட்டிப் பார்த்தால் சரியாக 213 வரும்.

இதில் கட்டட நிதிக்குப் போகும் 20 டாலரை கவுன்டி நிர்வாகம் வேறு எதற்கும் தொட முடியாது. கோர்ட் இயங்கும் கட்டடத்தைக் கட்ட, புதுப்பிக்க, மேம்படுத்த, அல்லது அதற்காக வாங்கிய கடன் பத்திரங்களின் அசலையும் வட்டியையும் அடைக்க மட்டுமே செலவழிக்கலாம்.

20 டாலரில் என்ன கட்ட முடியும்? ஒரு கவுன்டியில் ஆண்டுக்கு 10,000 புது வழக்குகள் வருவதாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 2 லட்சம் டாலர்தான். கூரையை மாற்றலாம், லிஃப்டைச் சரி செய்யலாம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடலாம். புதுக் கட்டடம் கட்ட முடியாது. அதனால்தான் பெரிய வேலை என்றால் முதலில் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணத்தைத் திரட்டிவிட்டு, 25, 30 வருஷத்துக்கு வரப்போகும் கட்டணங்களைக் காட்டி அந்தக் கடனை அடைக்கும் வழிக்குப் போகிறார்கள். பின்னால் வந்த சிக்கலின் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

வரி போடாமல் வழக்காளியைத் தேடியது ஏன்?

கோர்ட் என்பது பள்ளிக்கூடம், ரோடு மாதிரி பொதுச் சொத்துதானே, வரிப்பணத்தில் கட்டினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. கலிஃபோர்னியாவில் அதற்கு ஒரு அரசியல் முட்டுக்கட்டை இருந்தது.

1978-ல் அந்த மாகாண வாக்காளர்கள் 'ப்ராபொசிஷன் 13' என்ற சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். சொத்து வரியின் அடிப்படை விகிதம் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, குறிப்பிட்ட நோக்கத்துக்காக உள்ளூர் அரசுகள் தனி வரி போட வேண்டும் என்றால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அது கட்டுப்பாடு விதித்தது. கோர்ட் கட்டடம் அப்போது கவுன்டிகளின் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்கும் சிறைக்குமே பணம் போதாத கவுன்டி, கோர்ட் கூரை ஒழுகுவதை எந்த வரிசையில் வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாக்கல் கட்டணத்தை உயர்த்த வாக்கெடுப்பு வேண்டாம். அதைக் கட்டுகிறவர் பெரும்பாலும் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைதான் கோர்ட் பக்கம் வருவார். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, போராட்டம் கிடையாது. அரசியல்வாதிக்கு இதைவிட வசதியான வருமானம் வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1997-ல் விசாரணை நீதிமன்றங்களின் அன்றாடச் செலவை மாகாண அரசு ஏற்றது. 2002-ல் வந்த சட்டம், கட்டடங்களின் பொறுப்பையும் கவுன்டிகளிடமிருந்து மாகாணத்துக்கு மாற்றியது. 58 கவுன்டிகளில் 500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் கைமாறின. அந்தச் சட்டமே கோர்ட் கட்டுமானத்துக்கென ஒரு தனி நிதியையும் உருவாக்கி, தாக்கல் கட்டணத்திலிருந்தும் அபராதங்களிலிருந்தும் பணம் அதில் சேர வழி செய்தது. 2006 ஜனவரி முதல் மாகாணம் முழுக்கத் தாக்கல் கட்டணம் சீரானது. ஏற்கெனவே உள்ளூர்க் கட்டடத்துக்காகக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த மூன்று கவுன்டிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த 15 டாலர் வித்தியாசம் இப்படித்தான் மிஞ்சியது.

500 கோடி டாலர் கனவு

மாகாணத்தின் கைக்கு வந்த கட்டடங்களில் பலவற்றின் நிலைமை மோசம். நிலநடுக்க பூமியான கலிஃபோர்னியாவில், நடுங்கினால் தாங்காது என்று பொறியாளர்கள் குறித்துவைத்த கோர்ட்டுகள் நிறைய. விலங்கிட்ட கைதிகளைப் பொதுமக்கள் நடக்கும் அதே தாழ்வாரத்தில் கூட்டிப் போக வேண்டிய கட்டடங்கள் இருந்தன. சாட்சி சொல்ல வந்தவரும் எதிர்த்தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய இடங்களும் உண்டு. குடும்ப வன்முறை வழக்கில் பாதுகாப்பு கேட்டு வந்த பெண்ணுக்கு அந்த பெஞ்ச் எப்படி இருக்கும்?

2008-ல் 'எஸ்.பி. 1407' என்ற சட்டம் வந்தது. அன்றைய ஆளுநர் ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெக்கர் கையெழுத்திட்டார். சிவில் தாக்கல் கட்டணம், குற்ற வழக்குகளின் மீதான கூடுதல் தொகை, பார்க்கிங் அபராதம் ஆகியவற்றை உயர்த்தி, அந்த வருமானத்தைக் காட்டி 500 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிடுவது திட்டம். 34 கவுன்டிகளில் 41 கட்டட வேலைகள் பட்டியலிடப்பட்டன. 'உடனடி, அவசரத் தேவைக் கணக்கு' என்று தனிக் கணக்கே திறந்தார்கள். வரி செலுத்துவோருக்குச் சுமை இல்லை, கோர்ட்டைப் பயன்படுத்துகிறவர்களே கோர்ட்டைக் கட்டுகிறார்கள் என்பதுதான் சட்டத்தை விற்ற வாசகம்.

கொஞ்சம் நடக்கவும் செய்தது. நிலநடுக்கப் பிளவுகளுக்கு நடுவே இருக்கும் சான் பெர்னார்டினோ நகரில் 1926-ல் கட்டிய பழைய கோர்ட்தான் மையமாக இருந்தது. கட்டணங்களையும் அபராதங்களையும் நம்பித் திரட்டிய நிதியில், அங்கே 11 மாடி, 35 நீதிமன்ற அறைகளோடு புதிய நீதி மையம் எழுந்து 2014-ல் திறக்கப்பட்டது. பூமி ஆடினாலும் கட்டடம் அதிர்ச்சியை உள்வாங்கும்படி, அடித்தளத்தில் தனி அமைப்பு வைத்துக் கட்டியது அது. காட்டிக்கொள்ளத்தக்க வெற்றி.

பணம் திசை மாறியது

சட்டம் கையெழுத்தான மாதம் 2008 செப்டம்பர். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் அதே மாதம்தான்.

அடுத்த சில மாதங்களிலேயே கலிஃபோர்னியா கஜானா காலியானது. 2009 செப்டம்பரிலிருந்து மாதத்தில் மூன்றாவது புதன்கிழமை மாகாணம் முழுக்க கோர்ட்டுகளையே மூடினார்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி தேடிய சட்டமன்றத்தின் கண்ணில், கட்டடத்துக்கென ஒதுங்கிச் சேர்ந்துகொண்டிருந்த நிதி பட்டது. கொஞ்சத்தை மாகாணம் கடனாக எடுத்துக்கொண்டது. கொஞ்சத்தைப் பொது நிதிக்கே மாற்றிக்கொண்டது. இன்னும் கொஞ்சத்தை கோர்ட்டுகளின் அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்டது.

இப்படிப் போன தொகை சுமார் 140 கோடி டாலர் என்று அந்த மாகாணத்தின் நீதித்துறை கவுன்சிலே கணக்குச் சொன்னது. கட்டடம் கட்டத்தான் இந்தக் கட்டணம் என்று சட்டத்தில் எழுதி, வழக்காளிகளிடம் வாங்கிய பணம். கட்டணம் மட்டும் குறையவில்லை.

இதை வெறும் மோசடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பத்து வருஷம் கழித்து வரப்போகும் கட்டடமா, இந்த மாதம் வேலை செய்ய வேண்டிய எழுத்தரா என்று கேட்டால், எந்த அரசும் எழுத்தரைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் எழுத்தரின் சம்பளம் பொது வரியிலிருந்து வர வேண்டியது. கோர்ட்டுக்கான பொது நிதியை வெட்டிவிட்டு, அந்த ஓட்டையை வழக்காளியின் கட்டடக் காசால் அடைத்தார்கள் என்பதுதான் விமர்சனத்தின் மையம், அதில் நியாயமும் இருக்கிறது.

சான் பெர்னார்டினோவிலேயே இதன் முரணைப் பார்க்கலாம். பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வரும் கவுன்டி அது, பெரும்பகுதி பாலைவனம். 2013-ல் பட்ஜெட் நெருக்கடியைக் காரணம் காட்டி, கிழக்கு எல்லையில் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் நீடில்ஸ் போன்ற சிறிய ஊர்களின் கோர்ட் சேவை வெட்டப்பட்டது. அங்கிருந்து விக்டர்வில் கோர்ட்டுக்குப் போக பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமான பயணம். அடுத்த ஆண்டு தலைநகரில் 11 மாடிக் கட்டடம் திறக்கிறது. பெரிய கட்டடத்துக்குத் தனி நிதி இருந்தது. சின்ன ஊரில் கதவைத் திறந்து வைக்கப் பணம் இல்லை.

2016 ஆகஸ்ட்டில் நீதித்துறை கவுன்சில் கையை விரித்தது. கட்டுமானம் தொடங்கிவிட்ட வேலைகள் மட்டும் தொடரும், மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும் கட்டத்தோடு நிறுத்தப்படும் என்று முடிவானது. இடம் வாங்கி, வரைபடம் போட்டு முடித்த ஊர்களும் அதில் உண்டு.

திருப்பிவிட்டது மட்டும்தான் காரணமா?

இல்லை. பணத்தை யாரும் தொடாமல் இருந்திருந்தாலும் அந்தக் கணக்குத் திணறியிருக்கும். 30 வருஷக் கடனுக்கான தவணை ஆண்டுதோறும் மாறாது. கட்டண வருமானமோ வழக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும், இறங்கும். கலிஃபோர்னியாவில் அது இறங்கியது. வழக்குகள் குறைந்தன, போக்குவரத்து அபராத வசூலும் சரிந்தது. கட்டணம் ஏறினால் வழக்குப் போடத் தயங்குகிறவர்களும் இருப்பார்கள் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் கட்டணத்தை உயர்த்துவது வருமானத்தையே அரிக்கும்.

போதாததற்கு லாங் பீச் நகரில் தனியார் கூட்டு முயற்சியில் கட்டி 2013-ல் திறந்த கோர்ட்டுக்கான ஆண்டுத் தவணையையும் இதே கணக்கிலிருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒரே பானையில் பல அகப்பைகள்.

கடைசியில் எந்த வரிப்பணம் வேண்டாம் என்று ஆரம்பித்தார்களோ, அங்கேயே வந்து நின்றார்கள். 2018-ல் மாகாண பட்ஜெட் 10 கோர்ட் கட்டடங்களுக்குச் சுமார் 130 கோடி டாலர் ஏற்பாடு செய்தது. 2021-ல் அந்த அவசரத் தேவைக் கணக்கை 2002-ன் பழைய கட்டுமான நிதியோடு சேர்த்துவிட்டு, பற்றாக்குறையைப் பொது நிதியிலிருந்து ஈடுகட்ட முடிவு செய்தார்கள்.

வழக்கே போடாதவரும் கட்டணும்!

கோர்ட்டைப் பயன்படுத்துபவர் பணம் கொடுக்கட்டும் என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வழக்குப் போடுபவர் மட்டும் 435 டாலர் கட்டுவதில்லை. அந்த வழக்குக்குப் பதில் மனு தாக்கல் செய்யும் பிரதிவாதியும் முதல் மனுவுக்கு அதே தொகையைக் கட்ட வேண்டும். அவர் விரும்பியா கோர்ட்டுக்கு வந்தார்? சம்மன் வந்தது, வந்தார். கட்டாவிட்டால் பதில் மனு ஏற்கப்படாது, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு காத்திருக்கும். ஜெயித்தவர் தன் கட்டணத்தைத் தோற்றவரிடம் வசூலிக்கலாம் என்பதால், தோற்றவர் தலையில் இரண்டு தரப்பின் கட்டடக் காசும் ஏற வாய்ப்புண்டு.

சிறு தொகை வழக்குகளுக்கு நிலைமை பரவாயில்லை. வக்கீல் இல்லாமல் நேரடியாக வாதாடும் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். சாதாரணமாகக் கட்டணம் 30-லிருந்து 75 டாலர்.

ஏழைகளுக்கு விலக்கு இல்லையா என்றால், இருக்கிறது. அரசு மருத்துவ உதவி, உணவு உதவி போன்றவற்றைப் பெறுபவர்கள், குறைந்த வருமானத்தினர், கட்டணம் கட்டினால் அடிப்படைத் தேவைக்கே பணம் இருக்காது என்பவர்கள் ஒரு படிவம் நிரப்பி விலக்கு கேட்கலாம். இதற்குப் பின்னால் 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த பாடி எதிர் கனெக்டிகட் தீர்ப்பு இருக்கிறது. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த பெண்கள், விவாகரத்து வழக்குப் போடக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று தொடுத்த வழக்கு அது. பணம் இல்லை என்பதற்காக அவர்களுக்கு கோர்ட் கதவை மூடக் கூடாது என்றது நீதிமன்றம்.

ஆனால் இரண்டே வருஷத்தில், 1973-ல், திவால் மனுவுக்கான 50 டாலர் கட்டணத்தை அதே நீதிமன்றம் செல்லும் என்றது. தவணையில் கட்டினால் வாரத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாதே என்ற ரீதியில் பெரும்பான்மைத் தீர்ப்பு பேசியது. ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தெரியாமல் எழுதுகிறார்கள் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் தன் மாறுபட்ட தீர்ப்பில் கொதித்தார்.

விலக்கின் வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்தான் இதில் உண்மையாக மாட்டுகிறார். மாதச் சம்பளம் வாங்குகிறார், உதவித்தொகை கிடையாது, 435 டாலரும் சும்மா கிடைத்த பணம் இல்லை. அவருடைய வழக்கு கோர்ட்டுக்கே வராமல் போனால், அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

இது கட்டணமா, வரியா?

கட்டணம் என்றால் கொடுத்த காசுக்கு ஒரு சேவை. வரி என்றால் அரசு எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். கோர்ட் வாசலில் வாங்கும் பணம் இதில் எந்த வகை? அமெரிக்க மாகாண நீதிமன்றங்கள் இதில் கறாராகவே இருந்திருக்கின்றன.

டெக்சாஸில் தாக்கல் கட்டணத்தின் ஒரு பங்கு மாகாணத்தின் பொது வருவாய்க்குப் போனதை 1986-ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எல்லா நீதிமன்றங்களும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற டெக்சாஸ் அரசியலமைப்பின் உறுதிமொழிக்கு அது விரோதம் என்றது தீர்ப்பு. நியாயத்தை விற்கக் கூடாது என்று 1215-ன் மேக்னா கார்ட்டா சொன்னதன் வாரிசுதான் அந்த உறுதிமொழி.

இல்லினாய் இன்னும் ஒரு படி மேலே போனது. விவாகரத்து மனுவுக்கு 5 டாலர் கூடுதலாக வாங்கி, குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டோருக்கான காப்பகங்களுக்குக் கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் அது கோர்ட் செலவு இல்லை என்று 1984-ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தக் கண்ணோட்டத்தில் கோர்ட் கட்டடத்துக்கான கட்டணம் தப்பிவிடுகிறது, கோர்ட்டும் அதன் கட்டடமும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால். டெக்சாஸ் 20 டாலருக்கு அத்தனை இறுக்கமான பூட்டுப் போட்டதற்கும் இந்தப் பின்னணி உண்டு.

நம்ம ஊரில் எப்படி?

கட்டணமா, வரியா என்ற இதே கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. போனது சென்னையிலிருந்து. 1970-களின் தொடக்கத்தில் வந்த மெட்ராஸ் அரசு எதிர் ஜெனித் லேம்ப்ஸ் வழக்கில், நீதிமன்றக் கட்டணம் வரி அல்ல, அதற்கும் சிவில் நீதி நிர்வாகச் செலவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும், பொது வருவாயைப் பெருக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் நடைமுறை அமெரிக்காவிலிருந்து இரண்டு விஷயத்தில் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் 40,000 டாலர் வழக்குக்கும் 4 கோடி டாலர் வழக்குக்கும் தாக்கல் கட்டணம் அதே 435 தான் (சிக்கலான வழக்கு என்று வகைப்படுத்தினால் தனிக் கட்டணம் உண்டு). தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குகளுக்குக் கேட்கும் தொகையில் சதவீதக் கணக்கு. 2017 மார்ச் வரை அது 7.5 சதவீதம், இப்போது 3 சதவீதம். 10 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட முன்பு 75,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, இப்போது 30,000 ரூபாய்.

இரண்டாவது வித்தியாசம், அந்த 30,000 ரூபாயில் இவ்வளவு கட்டடத்துக்கு என்று எந்தப் பிரிவும் கிடையாது. பணம் மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. கோர்ட் கட்டடங்கள் மாநில பட்ஜெட்டிலிருந்தும், 1993-94 முதல் நடக்கும் மத்திய அரசின் நீதித்துறை உள்கட்டமைப்புத் திட்டத்திலிருந்தும் வருகின்றன. இத்திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதமும் மாநிலம் 40 சதவீதமும் போடுகின்றன.

பலன் எப்படி இருந்தது? 2021 அக்டோபரில் அவுரங்காபாத் உயர் நீதிமன்றக் கிளையின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா மேடையிலேயே கணக்கு வாசித்தார். நீதித்துறை அதிகாரிகளின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 24,280, இருந்த நீதிமன்ற அறைகள் 20,143. நாட்டில் 26 சதவீத நீதிமன்ற வளாகங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. அடிப்படை மருத்துவ வசதி இருந்தது 5 சதவீதத்தில் மட்டும். அதற்காகப் பணமே ஒதுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019-20-ல் மத்திய திட்டத்தில் ஒதுக்கிய 981.98 கோடி ரூபாயில் மாநிலங்கள் செலவழித்தது 84.9 கோடிதான்.

இதற்கென தேசிய அளவில் ஒரு தனி ஆணையம் வேண்டும் என்று ரமணா கேட்டார். 2022 ஏப்ரலில் நடந்த முதல்வர்கள், தலைமை நீதிபதிகள் மாநாட்டில் அதற்கு ஒருமித்த ஆதரவு கிடைக்கவில்லை. மாநில அளவில் முதல்வரையும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியையும் கொண்ட அமைப்புகள் போதும் என்பதோடு பேச்சு நின்றது.

வழக்குப் போடப் போகிறவர்கள் கவனிக்க

கட்டணம் கட்ட வசதியே இல்லாதவர்கள், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-வது கட்டளைப்படி வறியவர் என்று மனு செய்து, கட்டணம் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகினால், வக்கீலோடு கோர்ட் கட்டணத்துக்கும் உதவி கிடைக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டணமும் திரும்ப வரலாம். லோக் அதாலத்தில் வழக்கு முடிந்தால் கட்டணத்தைத் திருப்பித் தர சட்டம் இடம் தருகிறது. இரு தரப்பும் தாங்களாகவே பேசி வழக்கை முடித்துக்கொண்டாலும் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. சமரசம் ஆனதும் கோர்ட்டில் மனு கொடுத்துக் கேட்டால் போதும்.